மங்கலாக்கச் சொன்ன விளக்கு

எங்கள் மனேஜர் கல்நெஞ்சக்காரர். அப்பாவை எரித்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. சாவுக்கு லீவு தந்தவரே அவர்தான். வேலை அவசரம் என்று அவர் சொன்னதும் வெள்ளவத்தை வீட்டிலிருந்தே வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் அப்பாவின் படமும் விளக்கும். சின்ன வீடு, வேறு இடமில்லை.

"அது என்ன தங்கச்சி பின்னுக்கு? கஸ்டமர்மார் பாக்கினம், பிளர் பண்ணுங்கோ" என்றார் மனேஜர்.

மங்கலாக்கினேன்.

வீடியோ மீட்டிங்கை நான் குறை சொல்லவில்லை. வெளிநாட்டு ஆட்களோடு பேசி அன்றைக்கே வேலையை முடித்தோம்.

பின்னேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து அதே மீட்டிங்கில் இருந்த எங்கள் கம்பெனி ஃபரீனா. அதுவரை நாங்கள் நேரில் சந்தித்ததில்லை. கம்பெனியில் விலாசம் கேட்டு வந்திருந்தாள்; கையில் சாப்பாட்டுக் கேரியர்.

"கேமராவில உயரமாத் தெரிஞ்சீங்க" என்று சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "விளக்கைக் கண்டுதான் விளங்கிச்சு. எல்லாருக்கும் முன்னால எப்பிடிக் கேக்கிற? இது மரக்கறிதான். எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு முடியாம மீன், இறைச்சி, மச்சம் ஒண்டும் சாப்பிட மாட்டீங்கதானே?"

"ஓம்" என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்தத் திரையாலும் அதைச் செய்ய முடியாது.

ஆனால் அவளை என்னிடம் அனுப்பியதும் அந்தத் திரைதான். மனேஜர், அதே விளக்கை நீங்களும் கண்டீர்கள். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? திங்கட்கிழமை மீட்டிங்கில் கேமராவைப் போட்டு, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.