முதுகு நிமிர்ந்த கதை

குதித்துக் குதித்துச் செய்கிற யோகா வகுப்பில் ஐம்பத்தைந்து வயதில் போய்ச் சேர்ந்தேன் என்றதும், உடம்பைப் பேணுகிற ஆள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். சப்பரத் தண்டில் என் இடம் பறிபோகப் பார்த்தது. அதற்காகத்தான் போனேன்.

இலத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஐப்பசித் திருவிழாவில் சாமி வீதி உலா வரும்போது, சப்பரத்தின் இடது தண்டை முன்பக்கம் தாங்குவது எங்கள் குடும்பத்து உரிமை. முன்னால் என் பெரியப்பா மகனான அண்ணன், அவனை ஒட்டிப் பின்னால் நான். சப்பரம் தூக்குவதற்குப் பலத்தைவிட உயரப் பொருத்தம் முக்கியம். ஒருவன் உயர்ந்து நின்றால் கனம் முழுக்க அவன் தோளுக்குப் போய்விடும். மற்றவன் சும்மா கூட நடந்து வர வேண்டியதுதான். எங்களுக்கு அந்தக் கவலையே வந்ததில்லை. இருவரும் ஒரே உயரம். அண்ணனுக்கு வயல்வேலையிலும் எனக்கு உரக்கடை நாற்காலியிலுமாக முதுகுகூட ஒன்றுபோலத்தான் வளைந்தது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் தெற்குத் தெரு திரும்புகையில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. சப்பரத்தை இறக்கச் சொல்லி, தண்ணீர் குடித்து, மறுபடி தூக்கினோம். தண்டுக்கு ஆள் நிறுத்துகிற பொறுப்பு இப்போது ஒரு மருமகன் முறைக்காரனிடம் இருக்கிறது. அவன் மறுநாள் கடைக்கு வந்து, "மாமா, அடுத்த வருசம் நீங்களும் பெரிய மாமாவும் முன்னால குடை பிடிச்சிட்டு வாங்க. தண்டை நாங்க பாத்துக்கிடுதோம்" என்றான். குடை பிடிப்பது பெரிய கௌரவம். ஒதுங்கி நில் என்பதை இதைவிடக் கௌரவமாக யாராலும் சொல்ல முடியாது.

எனக்குக் கோபம் வந்தது. அண்ணனுக்கு அதுகூட வரவில்லை, வாடிப்போனான். வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று. மகன் துபாயில். வருடத்தில் ஊர் அவனைத் தேடி வந்து கூப்பிடுவது அந்த ஒரு நாள்தான். கடைசியில் அவனே மருமகனிடம் போய், இன்னும் ஒரே ஒரு வருடம் கொடு, யாராவது ஒருவர் தளர்ந்தாலும் நாங்களே விலகிவிடுகிறோம் என்று கேட்டு வாங்கி வந்தான். என் அண்ணன் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆனி பிறந்த நேரத்தில்தான் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், ஒரு லாட்ஜ் மாடியில் பவர் யோகா சொல்லிக் கொடுப்பதாக போர்டு பார்த்தேன். பவர் என்ற சொல்லில் விழுந்துவிட்டேன். அண்ணனையும் கூப்பிட்டேன். "எனக்கெதுக்குலே அதெல்லாம்? நீ போ. ரெண்டு பேருக்கும் சேத்துக் கத்துக்கிட்டு வா" என்றான். வீட்டில் மனைவி, கடையில் மூட்டையைத் தூக்கி அடுக்கினால் பவர் வராதா என்று விசாரித்தாள். நியாயமான கேள்வி என்பதால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

டீச்சர் கடையத்துப் பெண். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு வந்தவள். யோகா என்றால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது என்றுதான் நான் அதுவரை நம்பியிருந்தேன். அங்கே உட்காரவே விடவில்லை. கையைத் தூக்கு, குனி, பின்னால் குதி, தரையோடு இறங்கு, நெஞ்சைத் தூக்கு, நாய் மாதிரி நில், முன்னால் குதி. இவ்வளவும் சேர்ந்தால் ஒன்று. ஒன்று முடிந்தால் மறுபடி ஒன்று. இதற்குப் பெயர் யோகா என்றால் எங்கள் பக்கம் நாற்று நட்டவர்கள் அத்தனை பேரும் மகாயோகிகள். சாரல் காலம் வேறு. ஜன்னல் வழியாகத் தூறல் அடித்து விரிப்பெல்லாம் ஈரம். முன்னால் குதித்தவன் அப்படியே வழுக்கி, முன்னால் நாயாக நின்ற நகைக்கடைக்காரரின் காலில் போய் முட்டினேன். அவர் பெரிய மனிதர். மறுநாளிலிருந்து அந்தக் கடைசியில் போய் விரித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்தேன். நாற்காலி ஆசனம்தான் உயிரை வாங்கியது. இல்லாத நாற்காலியில் முதுகு நிமிர முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். இருக்கிற நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்தே பிழைக்கிற எனக்கு, இல்லாத நாற்காலியில் கொஞ்ச நேரம் இருக்க முடியவில்லை. தொடை வெடவெடவென்று ஆடும். டீச்சர் பக்கத்தில் வந்து நின்று, "இன்னும் கீழ இறங்குங்க ஸார்" என்பாள். அவளுக்கு இரக்கம் என்று எதையும் பெங்களூரில் சொல்லித் தரவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, புரட்டாசி முடிவதற்குள் பலன் தெரிந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. ஒருநாள் சவரம் செய்ய நின்றால் சுவர்க் கண்ணாடியில் என் நெற்றியைக் காணவில்லை. கூன் போய் ஆள் நிமிர்ந்திருக்கிறேன். ஆணியைக் கொஞ்சம் மேலே அடிக்க வேண்டும் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். நிமிர்ந்தவரே அடித்துக்கொள்ளட்டும் என்றாள்.

திருவிழா வந்தது. நாங்கள் துண்டை மடித்துத் தோளில் போட்டு, அவரவர் இடத்தில் நின்றோம். சத்தம் கொடுத்ததும் தூக்கினோம். கனம் என் தோளில் இறங்கிய விதத்திலேயே ஏதோ கோளாறு என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் தாங்கினேன், மூச்சு வாங்கவில்லை. அடேயப்பா, நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். அந்தப் பூரிப்பில் கீழத் தெருவைக் கடந்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் முன்னால் பார்த்தேன். அண்ணன் தோளில் கிடந்த துண்டு நசுங்கவே இல்லை. துண்டுக்கும் தண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதன் வழியாக முன்னால் போகிற தீவட்டி வெளிச்சம் தெரிகிறது. அண்ணன் ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, தோளை எக்கி எக்கிப் பார்த்தபடி நடக்கிறான். எட்டவில்லை. இன்னொரு துண்டை மடித்து வைத்தால் எட்டும்தான். நடுத்தெருவில் அதைக் கேட்பதும் தோள் எட்டவில்லை என்று தண்டோரா போடுவதும் ஒன்று. அவன் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. இடத்தைக் காப்பாற்றப் போனவன், அவன் இடத்தைப் பிடுங்கி என் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

மருமகன் பின் தண்டிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தான். இங்கே வந்தால் ஒரு பார்வை போதும், அண்ணனை வெளியே கூப்பிட்டு இளைஞன் ஒருவனை உள்ளே விட்டுவிடுவான். கூனிப் பார்த்தேன். முதுகு கூன மறுத்தது. டீச்சர் அவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்திருந்தாள். வேறு வழியில்லை. முதுகு நிமிர முழங்காலை மடக்கினேன். இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாமியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வகுப்பில் ஒருநாள்கூட உருப்படியாக வராத ஆசனம், தெற்குத் தெரு முனையில் வந்தது. இன்னும் கீழே, இன்னும் கீழே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்டு மெல்ல இறங்கியது. வெளிச்சம் மறைந்தது. துண்டு நசுங்கியது.

மருமகன் பக்கத்தில் வந்து அண்ணன் தோளைப் பார்த்தான், மடங்கியிருந்த என் காலைப் பார்த்தான். பிறகு அடுத்த தண்டுக்குப் போய்விட்டான்.

மேற்குத் தெருவுக்குத் திரும்பும்போது அண்ணன் பேசினான். "வலிக்குதாலே?"

தொடை இரண்டும் எரிந்தன. "இல்லண்ணே" என்றேன்.

"எனக்கு வலிக்குதுலே" என்றான். அவன் குரலில் அப்படியொரு சந்தோஷம்.