ஒப்பனைக்காரிக்கு வெற்றிலை பாக்கு

சம்பூர்ணம் தன் வாழ்நாளில் எதையும் வாய்விட்டுக் கேட்டவள் அல்லள். புதூர்நாட்டுக்கு மேற்கே மலைச்சரிவில் இருக்கும் அந்தச் சிற்றூரில் பஞ்சாட்சரத்தின் மனைவியாகக் காலடி வைத்த நாள்முதல், சாமை விதைப்பதா கேழ்வரகு நடுவதா என்பதைக் கணவர் சொன்னார்; புளியை எப்போது உலுக்குவது என்பதை அவருடைய அக்காள் மங்கம்மாள் சொன்னாள்; சம்பூர்ணம் செய்தாள். புளியம்பழத்தின் ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுப்பதில் அவளுடைய கைக்கு ஈடு அவ்வூரில் இல்லை. "அவளுக்குக் கையிதான் பேசும், வாயி பேசாது" என்பார்கள் கூட இருந்து புளி தட்டும் பெண்கள்.

அப்படிப்பட்டவள்தான் ஒரு நாள் காலையில், கணவருக்குக் கூழ் ஊற்றிக்கொண்டே, இளைய மகள் அன்பரசியின் திருமணத்துக்கு மேக்கப் போடும் பெண்ணை அமர்த்த வேண்டும் என்றாள்.

பஞ்சாட்சரம் வாய்க்குக் கொண்டுபோன கிண்ணத்தைக் கீழே இறக்கினார். "இன்னாது?"

"மேக்கப்புங்க. திருப்பத்தூர்ல இருந்து ஆளு வந்து போட்டு வுடுவாங்களாம். பொண்ணு ஆசப்படுது."

பக்கத்து வீட்டிலிருந்து மிளகாய் கேட்டு வந்திருந்த மங்கம்மாளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "ஆசப்படும், ஆசப்படும். போன மாசம் சடையன் பேத்திக்குப் போட்டாங்களே, பாத்தியா நீ? மூஞ்சி வெள்ள, கழுத்து கறுப்பு. எருமக் கன்னுக்குச் சுண்ணாம்பு அடிச்சாப்புல! மாப்ளப் பையன் தாலியக் கையில வெச்சிகினு, பொண்ணு எங்கடான்னு தேடறான்!"

"அத்த, அது வேற ஆளு. இவங்க நம்ம நெறத்துக்கு ஏத்த மாதிரிதான் போடுவாங்க" என்றாள் அன்பரசி.

"நம்ம நெறத்துக்கே போடறதுக்கு எதுக்குடி ஒரு ஆளு? அதான் கடவுளு போட்டு அனுப்பிச்சிருக்கானே!"

பஞ்சாட்சரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்தால் அவர் பாதி இறங்கிவிட்டார் என்பது சம்பூர்ணத்துக்குத் தெரியும். எனினும் சொல்லாத பாதி இன்னும் அவளிடமே இருந்தது. அமர்த்தப்பட வேண்டிய அந்த ஆள் அவளுடைய மூத்த மகள் ரேணுகாதேவி.

ஏழாண்டுகளுக்கு முன் திருப்பத்தூரில் தையல் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்த ரேணு, அங்கே ஸ்டுடியோ வைத்திருந்த கோகுலகிருஷ்ணனை மணந்துகொண்டாள். அவன் மலையைச் சேர்ந்தவன் அல்லன், சாதியும் வேறு. ஊர்ச்சபை கூடியது. அவளுக்கு இந்த ஊரில் தண்ணீர்கூடக் கிடையாது, அவள் வந்து போகும் வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள் என்று பேசி முடித்தார்கள். பஞ்சாட்சரம் எழுந்து நின்று, "எனக்கு இனிமே ஒரே பொண்ணுதான்" என்று சொன்னார். சபையில் சொன்ன சொல்லை மாற்றியவன் என்ற பெயர் அவருடைய தகப்பனுக்கும் இல்லை, பாட்டனுக்கும் இல்லை.

செவிலியர் படிப்புக்காகக் கீழே போன அன்பரசி அக்காளைத் தேடிக் கண்டுபிடித்தாள். ரேணு இப்போது மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்து பெயரெடுத்திருந்தாள். அன்பரசிதான் இந்த வழியைச் சொன்னாள்: "மகள்னுதானம்மா வரக் கூடாது? வேலைக்கு வரலாமில்ல? பந்தக்காரரு வர்றாரு, வீடியோக்காரரு அடுப்பாங்கர வரைக்கும் வர்றாரு. இன்னா சாதின்னு யாருனா கேக்கறாங்களா?"

பெண்ணை வீட்டிலேயே அலங்கரித்து, விடிந்ததும் ஜீப்பில் ஏற்றி, ஜமுனாமரத்தூர்ப் பக்கம் இருக்கும் மாப்பிள்ளை தனசேகரனின் ஊருக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அந்த அதிகாலைப் பரபரப்பில் பஞ்சாட்சரம் மூத்த மகளைப் பார்த்தாலும், நல்ல காரியத்தின் நடுவே வாய் திறக்கமாட்டார் என்பது அன்பரசியின் கணக்கு. சம்பூர்ணத்துக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. ஊரார் கை நனைக்காமல் எழுந்துபோனால்? செய்தி மாப்பிள்ளை வீட்டை எட்டினால்? ஒருத்தியை உள்ளே அழைக்கப் போய் இன்னொருத்தியின் வாழ்வு வாசலோடு நின்றுவிட்டால்? ஆனாலும் சின்னவளின் கல்யாணத்தில் பெரியவள் இல்லாமல் எப்படி என்று நினைத்தாலே, தட்டிக்கொண்டிருக்கும் புளிங்கொட்டைகள் அவள் கையிலிருந்து சிதறின.

மாப்பிள்ளையின் தங்கை கல்யாணத்திலும் ஆள் வைத்து ஒப்பனை செய்தார்கள் என்பதைப் பஞ்சாட்சரம் எங்கோ கேட்டறிந்து வந்தார். அன்று மாலையே, "சரி, எல்லாரும் பண்றாங்க. நாமளும் பண்ணிடுவோம்" என்றார். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதற்குள் அவரே தொடர்ந்தார்: "சம்பூர்ணா, வெத்தல பாக்கு வாங்கி வை. பொதங்கெழம காத்தால வண்டிக்குப் போவலாம்."

"எங்கப்பா?"

"எங்கன்னா? ஆளக் கூப்புட வாணாமா?"

"அய்ய, போன்ல சொன்னாப் போதும்பா!"

"போன்ல சொன்னா அது தகவலு. கூப்புடறதுன்னா வெத்தல பாக்கக் கையில குடுக்கணும். மேளக்காரருக்குக் குடுத்தேன், பந்தக்காரருக்குக் குடுத்தேன். எம் பொண்ணு மூஞ்சியத் தொடப் போறவளுக்குக் குடுக்காம வுட்டா நல்லாவா இருக்கும்?"

இதை அவர்கள் இருவருமே நினைத்துப் பார்த்திருக்கவில்லை. சுப காரியத்துக்கு வேலையாள் எவரையும் வெற்றிலை பாக்கு இல்லாமல் அழைக்காதவர் பஞ்சாட்சரம் என்பது ஊரறிந்த செய்தி. அவர் உள்ளே போனதும் அன்பரசி தாயின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"வாணாம்மா. மேக்கப்பே வாணாம்னு சொல்லிடறேன். அங்க போயி அக்காவப் பாத்து ரோட்டுல கத்தினாருன்னா?"

சம்பூர்ணம் மகளின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தாள். மறுநாள் புதூர்நாட்டுக்குப் போய், நுனி கிள்ளாத இளம் வெற்றிலையாகப் பார்த்துப் பார்த்து வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வைத்தாள்.

புதன்கிழமை பேருந்தில் சன்னலோரம் சம்பூர்ணமும், அவளையடுத்துப் பஞ்சாட்சரமும் அமர்ந்தார்கள். வெற்றிலைப் பை அவள் மடியில் இருந்தது. அவருக்கு அன்று நல்ல மனநிலை. ஜீப்புக்கு வாழைக்கன்று கட்டலாமா, மாப்பிள்ளை வீட்டுக்குப் பலாப்பழம் எத்தனை கொண்டுபோகலாம் என்று பேசிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும், இந்த வளைவு தாண்டியதும் சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள். வளைவுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மலையடிவாரத்து வனத்துறைச் சோதனைச் சாவடி கண்ணில் பட்டபோது, இனிமேல் சமவெளிதான், பேருந்து ஓடிவிடும் என்ற அச்சமே அவளைப் பேச வைத்தது.

"இன்னாங்க."

"ம்."

"நாம கூப்புடப் போற ஆளு... நம்ம ரேணுங்க."

பஞ்சாட்சரம் முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த ரேணு?"

"நமக்குப் பொறந்த ரேணு."

பேருந்து சாவடியில் நின்றது. பஞ்சாட்சரம் எழுந்தார். "எறங்கு" என்றார். சொல்லிவிட்டு, அவள் பின்னால் வருகிறாள் என்ற பழக்கத்தில், திரும்பிப் பாராமல் இறங்கிப் போனார்.

"யோவ் பெரியவரே, திருப்பத்தூருக்கு டிக்கெட் வாங்கிட்டு இங்க இன்னாத்துக்கு எறங்கற?" என்றார் நடத்துநர்.

கீழே நின்று திரும்பிப் பார்த்த பிறகுதான், மனைவி இருக்கையிலேயே இருப்பதைப் பஞ்சாட்சரம் கண்டார். சன்னலுக்கு அருகே வந்தார். "எறங்குன்னேனே, காதுல வுழல? சபையில சொன்ன வார்த்த அது. ஊருக்கு முன்னால சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க" என்றாள் சம்பூர்ணம். "நான் சொல்லலியே."

ஓட்டுநர் வண்டியை உறுமவிட்டார். "யம்மா, எறங்கறியா வர்றியா? ஒண்ணு சொல்லு" என்று அவசரப்படுத்தினார் நடத்துநர்.

மடியில் இருந்த பையை அவள் இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள். "போவலாம்" என்றாள்.

திருப்பத்தூருக்கு அவள் பலமுறை வந்தவள்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கணவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தவள். முன்னால் முதுகு எதுவும் இல்லாத தெரு மிகவும் அகலமாக இருந்தது. பூக்காரியிடம் கேட்டாள், மருந்துக் கடையில் கேட்டாள், ஒரு தடவை தவறான சந்துக்குள் போய்த் திரும்பினாள். கடைசியில், 'தேவி அழகு நிலையம்' என்ற பலகையின் கீழே கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

ரேணு ஒரு பெண்ணை நாற்காலியில் இருத்தி, புருவம் தீட்டிக்கொண்டிருந்தாள். தாயை முதலில் எதிரே இருந்த கண்ணாடியில்தான் பார்த்தாள். தூரிகை ஒரு கணம் நின்றது. பிறகு, ஒற்றைப் புருவத்தோடு விடமுடியாது என்பதுபோல், மற்றப் புருவத்தையும் தீட்டி முடித்து, அந்தப் பெண்ணை அனுப்பிய பின்னரே திரும்பினாள். உடம்பு சற்றுப் பூசினாற்போல் இருந்தது. முகம் அதே முகம்.

"அப்பா வர்றாருன்னு அன்பு போன் பண்ணா. எங்க?"

"வந்தாரு. சாவடியில எறங்கிக்கினாரு."

ரேணு சிரித்தாள், கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. "நீ எறங்கலியா?"

"இல்ல."

ரேணு நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். "என்னைய வேலைக்குக் கூப்புடறியா, வூட்டுக்குக் கூப்புடறியா? அதச் சொல்லும்மா மொதல்ல."

"இப்ப வேலைக்கு வா. வூடு எங்கியும் போய்டாது, அங்கியேதான் இருக்குது."

"அத்த வாசல்ல நிக்க வெச்சிக் கேட்டா?"

"கேப்பாங்க."

"நாலு பேரு கை நனைக்காம எழுந்து போனா?"

"போவாங்க. போவ மாட்டாங்கன்னு உனக்குப் பொய் சொல்லிக் கூப்புட மாட்டேன்."

"அப்ப நீ இன்னா பண்ணுவ?"

"தெரியலடி. பஸ்ஸுல இருந்து எறங்க மாட்டேன்னுகூடக் காத்தால எனக்குத் தெரியாது."

ரேணு தாயைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வந்து, இரு கைகளையும் நீட்டினாள். வெற்றிலையை வாங்கியபோது அவள் விரல்கள் தாயின் விரல்கள்மேல் இருந்தன, உடனே எடுத்துவிடவில்லை. அடுத்த நொடி குரலை மாற்றிக்கொண்டு, வேலை பேசத் தொடங்கினாள். வேறு எதைப் பேசினாலும் இருவராலும் தாங்கியிருக்க முடியாது.

"அன்னிக்கி அன்பு மூஞ்சில எண்ண படக் கூடாது. மஞ்ச பூசக் கூடாது."

"மஞ்ச பூசாம கல்யாணப் பொண்ணாடி?"

"நலங்கு மொத நாளோட முடிஞ்சிரணும். தலைக்கு ஊத்தி முடி காஞ்சிருக்கணும். வெளிச்சம் நல்லா வேணும், கரண்டு போனா ஆகாது. அதெல்லாம் சரிம்மா, விடிஞ்சதும் ஜீப்பு கெளம்பணும்னா நான் இருட்டுலயே ஆரம்பிக்கணும். அந்நேரத்துக்கு மேல வர்றதுக்குப் பஸ் ஏது?"



மாலை வண்டி சாவடியில் நின்றபோது, பஞ்சாட்சரம் தேநீர்க்கடை முன்னால் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். மேலே போகும் வண்டி நடுவில் ஒன்று வந்திருக்கும். அதில் அவர் ஏறவில்லை. தனியாக ஊருக்குப் போனால் அக்காள் கேட்கும் கேள்விக்கு என்ன சொல்வார்?

"இன்னா பெரியவரே, சாவடியிலயே வேலைக்குச் சேந்துட்டியா?" என்றார் அதே நடத்துநர். பஞ்சாட்சரம் அவரைப் பொருட்படுத்தாமல் வந்து மனைவியின் பக்கத்தில் அமர்ந்தார். தட்டையாகக் கிடந்த பையைப் பார்த்தார். வண்டி மலையேறத் தொடங்கியது. சம்பூர்ணம் வசைக்குக் காத்திருந்தாள். இடி இடிக்கப் போகிறது என்று தெரிந்து வெட்டவெளியில் நிற்பதைப் போல இருந்தது அவளுக்கு. காடு கறுத்துக்கொண்டே வந்தது.

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

மறுபடியும் ஒரு வளைவு. "ரெண்டு கையாலயும் வாங்கினாளா?"

"கைய கழுவிக்கினு வந்து வாங்கினா."

அவர் தலையை அசைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "இன்னா சொன்னா?"

"இருட்டுலயே ஆரம்பிக்கணுமாம். அந்நேரத்துக்குப் பஸ் ஏதுன்றா."

சாலையைப் பார்த்தபடியே அவர் பேசினார். "வேலைக்கு வர்ற ஆளு மொத நாளே வந்து தங்கறது எல்லா ஊர்லயும் உண்டு. மேளக்காரங்க வர்லியா? வந்தவங்களுக்குச் சோறு போட்டுப் படுக்க எடம் குடுக்கறது கூப்ட்டவன் பொறுப்பு."

சம்பூர்ணம் அவர் பக்கம் திரும்பினாள். "ஊர்ல கேட்டா?"

"மேக்கப்புக்கு ஆளு கூப்ட்டிருக்கேன். அன்னிக்கி சபையில மேக்கப்பப் பத்தி எவன் பேசினான்?" என்றார் பஞ்சாட்சரம். பேச்சு வீறாப்பாகத்தான் இருந்தது. ஆனால் குரல் உடனே தணிந்தது. "அக்காதான்... அதுகிட்ட எப்புடிச் சொல்றது?"

ஊர் நிறுத்தத்தில் மங்கம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். இருவரும் இறங்குவதற்குள்ளேயே அவள் குரல் வந்துவிட்டது: "இன்னாடா, காத்தால போனவங்க இப்பத்தான் வர்றீங்க? ஆளப் பேசியாச்சா? எவ அவ, பேரு இன்னா?"

பஞ்சாட்சரம் செருப்பின் வாரைச் சரிசெய்யக் குனிந்தார், குனிந்தவர் நிமிரவில்லை. சம்பூர்ணம் அவரைக் கடந்து, மங்கம்மாளின் நேரெதிரே வந்து நின்றாள்.

"நம்ம ரேணு, அண்ணி" என்றாள்.