வாற துரைக்குப் படித்த மொழி

சிங்கப்பூர் விழுந்த கிழமையே எங்கள் தெரு ஆண்கள் யப்பான் மொழி படிக்கத் தொடங்கிவிட்டோம். அடுத்தது எங்கள் திருகோணமலைதான் என்று ஊரெல்லாம் கதை. மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய மாமா ஒருவர் தன் விறாந்தையில் இங்கிலீசும் சொல்லித் தந்தார், யப்பானும் சொல்லித் தந்தார். அங்கே ஒரு யப்பான்காரனின் படம்பிடிக்கும் கடைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர். எங்களுக்கு அந்தத் தகுதியே போதும். ஆண்கள் எல்லோரும் யப்பான் பக்கம். பெண்கள் ஒருத்தி விடாமல் இங்கிலீசுப் பக்கம்.

"புதுத் துரைமார் வந்தால் கிளாக்கர் வேணும். நான்தான் முதல் ஆள்," என்றேன் தங்கையிடம்.

"வாற துரையை வரேக்க பாப்பம், அண்ணை. இண்டைக்கு ஆசுபத்திரியில இங்கிலீசுதான் கதைக்கினம்."

பெண்களுக்குத் தூரநோக்குக் கிடையாது என்று விறாந்தையில் அறிவித்தேன். "ஒஹாயோ கொசாய்மஸ்" என்ற காலை வணக்கத்தைக் கண்ணாடி முன் நின்று, இடுப்பு நோகக் குனிந்து பழகினேன்.

அவர்கள் ஒரு காலையில்தான் வந்தார்கள். வணக்கம் சொல்ல இடமே தரவில்லை. துறைமுகப் பக்கம் வானம் கறுத்தது; எங்கள் வீட்டு ஓடுகள் பொலபொலவென்று கொட்டின. கட்டிலுக்கடியில் கிடந்த எனக்கு நம்பவே முடியவில்லை. இவ்வளவு பாடுபட்டு நான் படித்த மொழிக்காரர், என் தலையிலா குண்டு போடுகிறார்கள்?

அப்பா கடற்படைத் தளத்தில் தச்சு வேலை. விடியவே போயிருந்தார். ஊர் முழுக்க உயிர்தப்பக் காட்டுப் பக்கம் ஓட, தங்கையும் நானும் எதிர்த்திசையில், தளத்தை நோக்கி ஓடினோம். தளத்து ஆசுபத்திரி வாசலில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் துவக்கை நீட்டினான். முகமெல்லாம் கரி. அப்பா உள்ளே இருக்கிறாரா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

வந்தது "ஒஹாயோ கொசாய்மஸ்". குனிந்தும் விட்டேன்.

துவக்கு முனை நெற்றியில் முட்டியது. இரண்டு கைகளும் தாமாகவே மேலே போயின. தங்கை இடையில் புகுந்து இங்கிலீசில் பொழிந்தாள். சிப்பாய் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அவளை மட்டும் உள்ளே விட்டான்.

நான் வெயிலில் நின்றேன். காயப்பட்டவர்களை என்னைக் கடந்து தூக்கிப் போனார்கள். ஒவ்வொரு முகத்திலும் அப்பாவைத் தேடினேன். சில முகங்களில் தேடுவதற்கு ஒன்றுமில்லை.

தங்கை வெளியே வந்தபோது உடுப்பெல்லாம் இரத்தம்.

"அப்பான்ர ரத்தமில்லை. பக்கத்துக் கட்டில்காரற்ற. அப்பாக்குக் கால்தான் முறிஞ்சிருக்கு, நல்லாக் கதைக்கிறார்."

"அவனுக்கு என்னைப் பற்றி என்னடி சொன்னனீ?"

"விசர், மூளை சுகமில்லாத ஆள் எண்டு சொன்னனான். உடன நம்பிட்டான். இனியாவது கையைக் கீழ விடுங்கோ, அண்ணை."