அக்கா தூக்கிய முந்திரி மூட்டை

2001-ஆம் வருஷம், சித்திரை மாதம். ஜெயங்கொண்டம் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு முந்திரித் தோப்பு உண்டு. நானும் என் ஓரகத்தியும்தான் கொட்டை பொறுக்குவோம். வயதில் மூத்தவர் என்பதால் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன்.

நான் கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், மூன்று பிள்ளை பெற்ற அக்கா கனமான எதையும் தூக்குவதில்லை. தண்ணீர்க் குடம் என் இடுப்பில், கொட்டை மூட்டை என் தலையில். அவர் அடிக்கடி மர நிழலில் உட்கார்ந்துவிடுவார். சோம்பேறித்தனம் என்று நானே முடிவு கட்டி, ஜாடைமாடையாகப் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் பதிலே சொல்ல மாட்டார். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அன்று மத்தியானம், பக்கத்துத் தோப்புக்காரர்கள் காதில் விழுகிற மாதிரியே, "உக்காந்து திங்கிற உடம்பு மூட்டை தூக்குமா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா எழுந்தார். நிரம்பிய சாக்கைத் தம் பிடித்துத் தூக்கித் தலையில் வைத்தார். பத்தடி நடந்திருப்பார். சாக்கைக் கீழே போட்டுவிட்டு, அடிவயிற்றைப் பிடித்தபடி குந்திவிட்டார். ஓடிப் போய்த் தாங்கினேன். முகமெல்லாம் வேர்வை.

"அடி எறங்கிடுச்சுடி. எப்பவும் நானே உள்ள தள்ளிவிட்டுக்குவேன். இப்ப போக மாட்டேங்குது."

"எத்தினி நாளாக்கா இப்புடி?"

"சின்னவன் பொறந்ததுலேருந்து. இதப் போயி யாருகிட்ட சொல்றது?"

சின்னவனுக்கு அப்போது நாலு வயசு.

உடனே அக்காவின் கணவரோடு டவுனுக்கு, ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனோம். கர்ப்பப்பை இறக்கம் என்றார். அவர் விசாரித்தபோதுதான் தெரிந்தது, சின்னவன் பிறந்த பதினைந்தாம் நாளே அக்கா களை வெட்டப் போயிருக்கிறார். டாக்டர் இறங்கியதை உள்ளே தள்ளி, மறுபடி இறங்காமல் தாங்க ஒரு ரப்பர் வளையம் பொருத்திவிட்டு, ஒன்றுக்கு வரும்போது அடக்குவது போல இறுக்கிப் பிடித்து விடுகிற பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். என் பக்கம் திரும்பி, "நீயும் கத்துக்கம்மா. நாளைக்குப் பிள்ளை பெத்துக்கப் போறவதானே" என்றார்.

வெளியே நின்ற அக்காவின் கணவரையும் கூப்பிட்டு, வெயிட் தூக்க விடக்கூடாது என்றார். அவர் தரையைப் பார்த்தபடி, "எங்கிட்டகூடச் சொல்லலீங்களே" என்றார். மறுநாளிலிருந்து சைக்கிளில் குடம் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தது அவர்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். "தெரிஞ்சா பேசுன? வுடு" என்றார்.

ஆபரேஷன் தேவைப்படாமலே, வளையத்தாலும் பயிற்சியாலும் அவருடைய தொந்தரவு மெல்ல மெல்லக் குறைந்தது. அடுத்த வருஷம் எனக்குக் குழந்தை பிறந்தபோது, மூன்று மாசம் ஒரு வாளித் தண்ணீரைக்கூட என்னைத் தூக்க விடவில்லை அவர்.

இப்போதெல்லாம் வீட்டில் யார் ஒரு வேலைக்குத் தயங்கினாலும் "உடம்புக்கு என்ன பண்ணுது?" என்றுதான் முதலில் கேட்கிறேன். வந்த புதிதில் அக்காவிடம் இதை ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், அத்தனை நாள் அவர் தனியாகத் தவித்திருக்க மாட்டாரே என்ற குறுகுறுப்பு மட்டும் இன்னும் போகவில்லை.