ஈனாக் கில்லியமின் சுள்ளிக்கட்டு

ஒரு பொருளுக்குப் பெயர்கூடத் தெரியாதவன் அதற்குச் சொந்தக்காரனாக இருக்க முடியுமா? ஈனாக் கில்லியம் வாழ்ந்து முடித்த விதம் எங்கள் ஊரில் இந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. எதையும் கேட்கிற ஆள் இல்லை அவர்.

இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷையர் பகுதிப் பண்ணை ஒன்றில் நாற்பது குளிர்காலம் வேலி கட்டியவர். உயிர்வேலியின் தண்டுகளை அடியில் பாதி வெட்டி, சாய்த்து, பின்ன வேண்டும். அதில் அவர் கைத்திறமை நடுத்தரம்தான். லெட்பரி பக்கம் அவரைவிட நேராகப் பின்னுகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் வெட்டிப்போட்டதைப் பிரிப்பதில் அவர் தவறியதே இல்லை. முள்ளுள்ளது ‘ட்ரௌஸ்’, அது வேலி ஓரத்திலேயே கிடக்க வேண்டும். முள்ளில்லாத சுள்ளியைச் சேர்த்துக் கட்டினால் ‘கிட்’. நாளுக்கு ஒரு கிட் வேலைக்காரனின் தோளில் வீடு போகும். யாரும் கேட்டு எடுப்பதில்லை, யாரும் எடுத்துக் கொடுப்பதும் இல்லை. ஈனாக்கின் மனைவி கெசையாவின் ரொட்டி அடுப்பு அதில்தான் எரிந்தது.

1953இல் பண்ணை, பர்மிங்காமிலிருந்து வந்த ஹால்பர்ட்டின் கைக்கு மாறியது. பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் அவர் ஈனாக்கை வழியில் நிறுத்தினார்.

“தோள்ல என்ன, கில்லியம்?”

“கிட், மாஸ்டர்.”

“விறகுன்னு சொல்லுங்க. யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

“இதுக்கு யாரையும் கேக்கிற வழக்கமில்லை, மாஸ்டர்.”

“இனிமே கேக்கணும். முடியாதுன்னா சனிக்கிழமைக்குள்ள மொத்தக் குப்பையையும் கொளுத்திடுங்க.”

“ட்ரௌஸையுமா?”

“எனக்கு எல்லாமே குப்பைதான்.”

ஈனாக் கட்டை இறக்கி வைத்தார். மேல்வயலில் கிடந்ததை எல்லாம் கொளுத்தினார். கீழ்வயல் குவியல் மழையில் ஊறியிருந்ததால் பற்றவில்லை. முள்ளை எரித்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்ததை நான் பெருந்தன்மையில் சேர்க்க மாட்டேன்.

கெசையா விடவில்லை. “ஏய்யா, ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?”

“கேட்டா அது அவர் குடுத்ததா ஆயிடும்.”

“ஆகட்டுமே! யார் குடுத்தான்னு அடுப்புக்குத் தெரியுமா?”

மே மாதம் மேல்வயலில் கிடேரிகளை விட்டார்கள். தடுக்க முள் இல்லை. புது வேலியின் தளிரை அடிவரை மேய்ந்து தீர்த்தன. ஞாயிற்றுக்கிழமை ஹால்பர்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஈனாக்கின் வீட்டுக்கே வந்தார்.

“முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, கில்லியம்?”

“நீங்க கேக்கலியே, மாஸ்டர்.”

“அவர் யாரையும் கேக்க மாட்டார், நீங்களும் அவரைக் கேக்க மாட்டீங்க,” என்றாள் கெசையா. “நல்ல ஜோடி!”

ஹால்பர்ட் சிரித்துவிட்டார். “தப்பு என்னோடதுதான். கீழ்வயல் ட்ரௌஸை மேல கொண்டுபோய்ப் போடுங்க. கிட்டைப் பழையபடி எடுத்துக்குங்க. என்னைக் கேக்கவே வேண்டாம்.”

முதன்முறையாக அவர் வாயில் அந்த இரண்டு சொற்களும் வந்தன.

மறுநாள் ஈனாக் வண்டியில் முள் ஏற்றிப்போய் மேல்வயல் ஓரம் முழுக்கப் பரப்பினார். கெசையா அடுப்பைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தாள். சாயங்காலம் அவர் ஒரு கிட் கட்டித் தோளில் வைத்தார். ஆனால் ‘எடுத்துக்குங்க’ என்று சொல்லிவிட்ட பிறகு அது ஹால்பர்ட் கொடுத்ததாகிவிட்டது. ஹால்பர்ட் வீட்டுப் பின்வாசலில் அதை இறக்கி, சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தார். அடுத்த பதினோரு குளிர்காலமும் தினம் அப்படியே செய்தார்.