வலது கை காத்துக் கிடக்கட்டும்

அன்று பஸ்ஸில் என் பிடி நழுவியதற்கு இடது கையில் பலம் இல்லாதது காரணமா, நான் பயந்துபோனது காரணமா? இரண்டு வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை. பசுவந்தனையில் அம்மா வீட்டிலிருந்து கோவில்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். உட்கார இடமில்லை. ஒன்றரை வயது மகள் என் வலது தோளில் தூங்கிவிட்டதால், வழக்கத்துக்கு மாறாக இடது கையால் மேல்கம்பியைப் பிடித்திருந்தேன். ஆட்டு மந்தை குறுக்கே வர, டிரைவர் பிரேக் போட்டார். விரல்கள் ஒவ்வொன்றாகக் கம்பியை விட்டதை இப்போதும் என்னால் உணர முடிகிறது. பக்கத்து சீட்டுப் பெண் எங்கள் இருவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டாள். மகள் விழிக்கக்கூட இல்லை. வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை.

மறுமாதமே, மதியம் இரண்டு மணி நேரம் பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்த ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே கோச்சாக இருந்தவள் என்னைவிட ஐந்து வயது இளையவள். கல்லூரியில் ஹாக்கி ஆடியவள். முதல் நாள் எடை மாட்டாத வெறும் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னாள். கண்ணாடியில் பார்த்தேன், ஒரு தட்டில் மட்டும் சரக்கு வைத்த தராசு போல அது சாய்ந்து நின்றது. “வலது முந்துது, இடது கெஞ்சுது. இப்போதைக்கு ஒங்களுக்குக் கம்பி கெடையாதுக்கா” என்று சிரித்தபடி பிடுங்கிக்கொண்டு, இரண்டு சின்ன டம்பெல்களைத் தந்தாள். முதலில் இடது கை. உடம்பை வளைக்காமல் அது எத்தனை முறை தூக்குகிறதோ, வலது கையும் அத்தனை முறைதான் தூக்க வேண்டும். எனக்கு ஆறு வந்தது. “வலதுக்கு இன்னும் தெம்பு இருக்கே?” என்றேன். “இருந்துட்டுப் போவுது. காத்துக் கெடக்கட்டும்.”

சொன்னதை அப்படியே செய்வேன். செய்துவிட்டு, இது போதுமா என்று கவலைப்படுவேன். தெருக்குழாயில் தண்ணீர் வந்த நாட்களில் எல்லாக் குடத்தையும் நானே இடது இடுப்பில் சுமந்தேன். கை சீக்கிரம் தேறிவிடும் என்று நினைப்பு. இரண்டு வாரத்தில் இடது தோள் வலித்தது, ஆறு நான்காகிவிட்டது. கோச் துருவிக் கேட்டதும் உண்மையைச் சொன்னேன். “அட அக்கா! கொடத்தச் சுமக்குதது ஒங்க இடுப்புல்லா? கை சும்மா வேலி மாதிரி வளைஞ்சு நிக்குது. இதுல தோள வேற நோகடிச்சு வச்சிருக்கீங்க!” மற்ற பெண்களும் சிரித்தார்கள். ஒரு வாரம் ஓய்வு. பிறகு ஒன்று, மேலும் ஒன்று என்று எட்டுக்கு வர நான்கு மாதமாயிற்று.

வீட்டில் மாமியார் விடவில்லை. “ஏட்டி, மூட்ட தூக்கவா போற? ஆண்டவனே ரெண்டு கையையும் ஒண்ணு போல படைக்கல. பிள்ளைய விட்டுட்டு அங்கன போயி என்னத்தச் செய்யுத?” நான் அதுவரை அவரை எதிர்த்துப் பேசியதில்லை. அன்று, “பிள்ளைக்காகத்தான் போறேன் அத்தை. நிறுத்த மாட்டேன்” என்றேன். பஸ்ஸில் நடந்ததையும் சொன்னேன். அதற்கு அவர், “எடம் இருக்க பஸ்ஸாப் பாத்து ஏறுனா என்ன?” என்றார். மறுநாளும் போனேன்.

கோச் திருமணமாகி வெளியூர் போனாள். பெண்களுக்கான நேரமும் நின்றுபோனது. அவள் போன் எண்ணும் மாறிவிட்டது. இப்போது இரண்டு பாட்டில்களில் கரிசல் மண்ணை இடித்து நிரப்பி, வீட்டிலேயே தூக்குகிறேன். இடது கை பத்துக்கு வந்துவிட்டது. ஆனால் கடைசி இரண்டு தடவையும் தோள் காதுவரை ஏறுகிறது. அந்த இரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா, எட்டோடு இரு கைகளையும் நிறுத்துவதா, இல்லை இரண்டு பாட்டிலிலும் கொஞ்சம் மண்ணைக் குறைப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விட்டுவிடு என்று மட்டும் சொல்ல வேண்டாம். அந்த ஆலோசனை வீட்டிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கிறது.