காலியாக நின்ற முதல் வரிசை

இன்ஜினியரிங்கில் கம்ப்யூட்டர் பிரிவில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்துவிட்டு வெளியேறியவன் நான். அப்பா சொன்ன பிரிவு. நானும் வேண்டாமென்று சொல்லவில்லை, அவ்வளவுதான். பிறகு பல ஊர்கள், பல வேலைகள். குகட்பள்ளியில் ஒரு நெட் சென்டரில் மூன்று மாதம் இருந்தேன். பின்னறையில் படுக்கை. பகலில் இன்ஜினியரிங் சேரும் பிள்ளைகளுக்கு ஆப்ஷன் போட்டுக் கொடுக்கும் வேலை. கல்லூரியின் குறியீட்டையும் பிரிவின் குறியீட்டையும் விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும். மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதெல்லாம் போய்விடும்.

கடைசி நாள் பிற்பகல் ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். நகரின் இன்னொரு கோடியிலிருக்கும் போலாரத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார்கள். அவர் ரயில்வே பட்டறையில் வேலை செய்பவர், தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழர்.

“ஹால் டிக்கெட் நம்பர் சொல்லுங்க ஐயா.”

தடுமாறாமல் ஒப்பித்தார். அடித்தேன். அப்படி ஒரு மாணவர் இல்லை என்றது திரை.

“அது அவனோட நம்பர்ப்பா,” என்றாள் மகள். தன் எண்ணை மெதுவாகச் சொன்னாள்.

அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மடிப்புகளில் டேப் ஒட்டியிருந்தது. நாற்பது வரி. எல்லாமே கம்ப்யூட்டர்.

“என் பையன் எழுதினது. எந்த காலேஜ்ல வேலை கிடைக்கும்னு விசாரிச்சு எழுதினான். இதே வரிசையில போடுங்க தம்பி. ஒண்ணுகூட மாறக் கூடாது.”

“அவர் இப்ப எங்க படிக்கிறார்?”

“சேரல,” என்றார்.

அப்போது அவர் பைக்குள் ஏதோ அடித்தது. இருவரும் அசையவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

“நாலு மணி,” என்றார் அவர். “மாடல் டெஸ்ட்டுக்கு அவன் வெச்ச அலாரம். போன்ல லாக் போட்டிருக்கான். எடுக்கத் தெரியல.” கைக்குட்டையைப் பிரித்துப் போனை எடுத்து அடக்கினார். முழு சார்ஜில் இருந்தது.

“ரெண்டு வருஷமாச்சு அண்ணா,” என்று என்னிடம் குனிந்து சொன்னாள். “ஆப்ஷன் போட இங்கதான் வந்துட்டிருந்தான். ஸ்கூட்டர்ல. லாரி அடிச்சிடுச்சு.”

அண்ணா என்ற சொல் காதில் விழுந்ததும் தகப்பன் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் வெயில் மட்டும்தான். நானும் பார்த்தேன்.

தாளைப் பார்த்து அடிக்கத் தொடங்கினேன். முதல் வரியையே திரை ஏற்கவில்லை. அந்தக் கல்லூரியை மூடிவிட்டார்கள்.

“காலியா விடுங்க தம்பி. அது அவன் இடம்.”

“காலியா விட்டா சிஸ்டம் எடுக்காது ஐயா.”

“நான் சொல்றேன்,” என்றாள் மகள். தாளைப் பார்க்காமல் ஒரு குறியீட்டைச் சொன்னாள். அடித்தேன். சுரங்க இன்ஜினியரிங் என்று வந்தது.

அவர் சிரித்தேவிட்டார். “மைனிங்கா? எங்கப்பா எஞ்சின்ல கரி அள்ளினது போதாதா, நீ வேற அள்ளணுமா? நக்கோ, நக்கோ, அது வேண்டாம்.”

“கரி இல்லப்பா, கல்லு. வீட்டுக்குப் பின்னாடி பாறைக்கு வெடி வெக்கறப்ப எல்லாரும் உள்ள ஓடுவீங்க. நான் எங்க நிப்பேன்?”

“பைத்தியக்காரி மாதிரி வெளிய நிப்ப.” சிரிப்பு நின்றது. “அந்த வேலைக்குப் பொம்பளப் பிள்ளைய யாரு கூப்பிடுவான்? அவன் எழுதினதுல ஒண்ணு எடுத்து மேல வை.”

அவள் சும்மா இருந்த விதம் எனக்குத் தெரிந்த விதம். அப்பா முன்னால் நானும் அப்படித்தான் சும்மா இருந்தேன். மற்ற வரிகளை அடித்து முடித்தேன். மேலே இருந்த சுரங்கத்தைத் தொடவில்லை. கடைசியாக உறுதி செய்யப் பொத்தானை அழுத்தினேன். ஓடிபி கேட்டது.

அது வந்தது என்னுடைய போனுக்கு இல்லை, அவள் கையிலிருந்த போனுக்கும் இல்லை. பையன் போன் அவர் மடியில் ஒளிர்ந்தது. விண்ணப்பத்தில் அவர் கொடுத்திருந்தது அந்த நம்பர்தான்.

அவர் அதைப் பார்த்தபடியே இருந்தார். “அவன் அனுப்பியிருக்கான்,” என்றார்.

திரையில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. அவர் விரல் எண்களை மறைத்திருந்தது. அவள் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“அப்பா, அது எனக்கு வந்திருக்கு.”

அவர் தலை தூக்கினார். அவளை அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு திரையில் முதல் வரியைப் பார்த்துவிட்டு ஒவ்வோர் எண்ணாக அவரே படித்தார். அடித்தேன். முதல் வரிசையில் சுரங்கம் உறுதியானது.

“சீட் மெசேஜ் எந்த நம்பருக்கு வரும்?” என்று கேட்டாள்.

“இதே நம்பருக்குத்தான்.”

“வரட்டும்,” என்றார் தகப்பன். “அவனும் பாக்கட்டும்.”

போனைக் கைக்குட்டையில் சுற்றினார். அதன் வெளிச்சம் துணி வழியாகக் கொஞ்ச நேரம் தெரிந்தது. வாசல் தாண்டும்போது, இன்னொருவர் வருவதற்குக் கதவைப் பிடித்திருப்பதுபோல் அவர் பிடித்துக்கொண்டு நின்றார்.